புறவாசல் இல்லாத வீடு

அன்றைக்குப் பயிற்சிக் கூடத்தில் நான் பேசி முடித்ததும் நீங்கள் எல்லோரும் ஒன்றாகக் கை தட்டினீர்கள். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் கை தட்டுகிறவர்கள் காதில் எதையும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அதனால்தான் அங்கே சொல்லாமல் விட்டதை எழுத்தில் தருகிறேன். புதிதாக சப்-இன்ஸ்பெக்டர் ஆகியிருக்கிற உங்களில் ஒருவராவது இதை முழுதாகப் படித்தால் போதும்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். "காப்பியக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பிய" என்று என் மனைவி சொல்வாள். தேடி வந்து வணக்கம் வைக்கிறவன், கேட்காமலே பேர் ஊர் சொல்கிறவன், கண்ணைப் பார்த்துப் பேசுகிறவன், பார்க்காமல் பேசுகிறவன் என்று ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. இந்தக் குணத்துக்காகத்தான் இந்த வேலையே எனக்குக் கிடைத்தது என்று இளம் வயதில் ஒரு கர்வமும் இருந்தது. அந்தக் கர்வத்தோடு நான் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பினேன்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தேன். எந்த ஸ்டேஷன் என்று தேட வேண்டாம். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் பூட்டை உடைத்து இரண்டு மோட்டார்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தறிக்காரர் எங்களிடம் தமிழில் ஆரம்பித்து, படபடப்பில் பாதியிலேயே தெலுங்குக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்தார். தறி நின்றதால் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மோட்டார் என்ற சொல் காதில் விழுந்ததுமே எங்கள் ஏட்டையா, செல்லையா என்று ஒரு பெயரைச் சொன்னார். செல்லையா சில வருடங்களுக்கு முன் சோழபுரம் பக்கம் ஒரு கிணற்று மோட்டாரைத் திருடி, செம்புக் கம்பிக்காக உடைக்கும்போது பிடிபட்டவன். தண்டனையை அனுபவித்துவிட்டு வந்து, ஒரு ஜின்னிங் பேக்டரியில் பஞ்சு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். கல்யாணமும் ஆகியிருந்தது. ஆனால் ஸ்டேஷன் பதிவேட்டில் ஒரு தடவை பெயர் ஏறினால் ஏறியதுதான். சுற்றுவட்டாரத்தில் எந்த மோட்டார் காணாமல் போனாலும் அவனைக் கூட்டிவந்து உட்கார வைப்பது எங்கள் வழக்கம். அவனும் பழகிப்போய், வந்ததும் துண்டை விரித்துச் சுவரோரம் உட்கார்ந்துவிடுவான்.

இந்தத் தடவையும் உட்கார்ந்தான். நான் அவன் முன்னால் நின்று, "ஏலே, மோட்டாரை எங்கல வச்சிருக்க?" என்று கேட்டேன். தெரியாது என்றான். ஏட்டையாவும் அதையே கேட்டார். தெரியாது என்றான். அவன் பதறாமல் சொன்னதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பதறியிருந்தால் அதுவும் சந்தேகமாகத்தான் இருந்திருக்கும்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். விடியும் முன்பே எங்களில் பாதிப் பேரை ஜீப்பில் ஏற்றிப் பந்தோபஸ்துக்கு அனுப்பிவிட்டார்கள். ரத வீதியில் ஒரு திருப்பத்தில் எனக்கு இடம். வெயில் மண்டையைப் பிளந்தது. பத்து மணி வாக்கில் தேர் எங்கள் பக்கம் அசைந்து வந்தபோது, வடத்தைப் பிடித்திருந்த கூட்டத்திலிருந்து ஒருவர் சட்டையில்லாமல், வேர்வை வழிய என்னிடம் ஓடி வந்தார். எங்கள் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் வேலாயுதம். வருடா வருடம் தேருக்குக் கடையை அடைத்துவிட்டு வடம் பிடிக்க வந்துவிடுவார். பக்கத்துப் பந்தலில் ஒரு செம்பு மோர் வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி கூட்டத்துக்குள் போய்விட்டார். எதற்காக மோர் கொடுக்கிறார், என்ன கேட்கப் போகிறார் என்று யோசித்துக்கொண்டே குடித்தேன். அவர் எதையும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது காலிரண்டும் வீங்கியிருந்தன. பூட்ஸைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். ஸ்டேஷன் ரைட்டர் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். செல்லையா கேஸ் முடிந்துவிட்டது, ஒரு மோட்டார் அவன் வீட்டிலேயே கிடைத்துவிட்டது என்றார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். அது அவருடைய பழக்கம். குறி இருந்த இடத்திலெல்லாம் போட்டேன். எத்தனை தாள், என்ன தாள் என்று பார்க்கவில்லை. காப்பியை மோந்து பார்த்துக் குடிக்கிற நான் அந்தத் தாள்களைப் பார்க்கவில்லை. என் சந்தேகம் எல்லாம் வெளியே இருந்து வருகிறவர்கள் மேல்தான் இருந்தது. என் மேசைக்கு வருவதை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

செல்லையாவை ரிமாண்டுக்கு அனுப்பினோம். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட அவனுக்கு யாரும் வரவில்லை. பழைய தண்டனை இருந்ததால் வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய கோர்ட்டுக்குப் போனது. இந்த முறை தண்டனை கிடைத்தால் மாதக் கணக்கு இல்லை, வருடக் கணக்கு.

அவன் மனைவி பேச்சியம்மாள் மில்லில் நூலைக் கோனில் சுற்றும் வேலைக்குப் போகிறவள். சாப்பாட்டு இடைவேளையில் கையில் நூல் தூசியோடு ஸ்டேஷனுக்கு வருவாள். அழ மாட்டாள், சண்டை போட மாட்டாள். ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவாள்.

"எங்க வீட்டுக்குப் பொறவாசலே கெடையாதுய்யா. ஒரு நட வந்து பாருங்க."

வீட்டின் பின்பக்கக் கொல்லையில் மோட்டார் கிடைத்தது என்று எழுதியிருப்பதை வக்கீல் படித்துக் காட்டியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்துகொண்டிருந்தாள். புருஷனைக் காப்பாற்ற மனைவி எதையும் சொல்வாள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. ஐந்தாறு தடவை வந்திருப்பாள். கடைசியாக வந்தபோது, தண்டனை ஆகிவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் சொல்லிவிட்டார் என்றாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாசி மாதம் சாட்சி விசாரணை ஆரம்பித்தது. முதல் நாள் தறிக்காரரின் சாட்சியோடு நேரம் முடிந்துவிட்டது. என்னையும் டீக்கடை வேலாயுதத்தையும் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அன்று கோர்ட்டில் சும்மா காத்திருந்த நேரத்தில், சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்யலாம் என்று வழக்குக் கட்டைப் பிரித்தேன். அப்போதுதான் அந்த மகஜரை முதல் தடவையாகப் படித்தேன். ஒரு பொருள் எங்கே, எப்போது, யார் முன்னால் கைப்பற்றப்பட்டது என்று சொல்லும் தாள் அது. ஊர்க்காரர் இரண்டு பேர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கைப்பற்றிய அதிகாரியும் போட்டிருக்க வேண்டும்.

இடம், செல்லையா வீட்டுப் பின்பக்கக் கொல்லை. நேரம், காலை பத்து மணி. முதல் சாட்சி, வேலாயுதம். அதிகாரி, நான்.

தேதி, தேர் அன்று.

பத்து மணிக்கு வேலாயுதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு மோர் கொடுத்தார். அதை வாங்கிக் குடித்த நானோ, அதே நேரத்தில் ராஜபாளையத்தில் ஒரு கொல்லையில் நின்று மோட்டாரைக் கைப்பற்றியிருக்கிறேன். என் கையெழுத்து அழகாக, தெளிவாக இருந்தது. அதன் பக்கத்தில் ரைட்டர் அழிக்க மறந்த பென்சில் குறியும் இருந்தது.

தலையை நிமிர்த்தினேன். கோர்ட் தாழ்வாரத்தில் தூணோரம் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுச் சலித்துவிட்டாள் போலிருக்கிறது.

மறுநாள் மப்டியில் அந்த வீட்டைத் தேடிப் போனேன். ஒரு சந்துக்குள் வரிசையாக எட்டு லைன் வீடுகள். ஒவ்வொன்றும் ஒரே அறை. பேச்சியம்மாள் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள், உட்காரச் சொல்லவில்லை. நான் நேராகப் பின்சுவரிடம் போய்த் தட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்து வரிசை வீட்டிலிருந்து ஒரு பெண், "யாரு அது?" என்று கேட்டாள். இரண்டு வரிசைக்கும் ஒரே சுவர். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, கொல்லையும் இல்லை. அந்த மகஜரை எழுதியவர் இந்த வீட்டை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

வெளியே வரும்போது பேச்சியம்மாள், "இம்புட்டுத்தான்யா வீடு" என்றாள். அவள் நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வேலாயுதத்தின் கடைக்குப் போய் டீ சொன்னேன். தேர் அன்று நீங்கள் எப்படி இரண்டு ஊரில் இருந்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

"தேருக்கு முந்தின நாள் நாலு வெத்துத் தாள் கொண்டாந்து கேட்டாக, போட்டுக் குடுத்தேன். எப்பவும் கேக்குறதுதானய்யா. ஸ்டேஷன் வாசல்ல கடைய வச்சுக்கிட்டு மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

அதுவரை எங்கள் ஸ்டேஷனின் எத்தனை வழக்குகளில் அவர் சாட்சி என்று எனக்குத் தெரியாது. எண்ணிப் பார்க்கும் தைரியமும் வரவில்லை.

ஏட்டையாவைத் தனியாக அழைத்துக் கேட்டேன். உங்களுக்கு அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் காசுக்குக் கை நீட்டாதவர். யாரையும் தேவையில்லாமல் அடிக்காதவர். என்னை விட நல்ல போலீஸ்காரர் என்றே நான் நினைத்திருந்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. மோட்டார் சோழபுரம் ரோட்டில் ஒரு பாலத்தடியில் கிடந்தது, ஆடு மேய்க்கிறவர் வந்து சொன்னார், போய் எடுத்து வந்தோம் என்றார்.

"பாலத்தடியில கெடந்துச்சுன்னு எழுதுனா எவன் மேலய்யா கேஸ் நிக்கும்? எடுத்தது அவந்தான். எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"இருவத்திரண்டு வருச சர்வீசுய்யா" என்றார்.

அவர் முகத்தில் பொய்யே இல்லை. பொய் சொல்கிறவனை எனக்குக் கையாளத் தெரியும். முழு மனதோடு நம்புகிற ஒரு நல்ல மனிதர் முன்னால் என்ன செய்வது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. ஏனென்றால் செல்லையாதான் எடுத்தான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்த பிறகும் எனக்குள் பாதி அப்படித்தான் நம்பியது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அந்த வாரம் முழுக்க எல்லோரையும் சந்தேகப்பட்டேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தால், ஏட்டையா சொல்லிவிட்டாரோ என்று தோன்றும். உண்மையில் சொல்லித்தான் இருந்தார். இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, கூண்டில் ஏறி எழுதியிருப்பதைச் சொல்லிவிட்டு வாரும், ஒரு கேடிக்காக உம்முடைய வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளாதீர் என்று தன்மையாகச் சொன்னார். அரசு வக்கீலிடம் போனேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, என்ன சொல்லப் போகிறீர் என்று என்னிடம் சொல்ல வேண்டாம், கூண்டில் சத்தியம் செய்வது நீர்தான் என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் என்னைத் தப்பிக்கச் சொன்னாரா, தப்பிக்காதே என்றாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கடைசியில் என்னையே சந்தேகப்பட்டேன். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தான் உண்மை பேச நினைக்கிறேனோ என்று. அதனால் செல்லையாவுக்கு இலவசமாக வாதாட வந்திருந்த அந்தச் சின்ன வயது வக்கீலைக் கவனித்தேன். அவர் தேர்த் தேதியைப் பார்க்கவே இல்லை. வீட்டைப் போய்ப் பார்த்ததும் இல்லை. புறவாசல் இல்லை என்று பேச்சியம்மாள் சொன்னதை என்னைப் போலவே அவரும் ஒதுக்கியிருக்கிறார். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அதாவது, செல்லையா உள்ளே போவதா வெளியே வருவதா என்பது என் ஒருவன் வாயில் இருந்தது. தம்பிகளே, தங்கைகளே, நம்மை யாரும் பிடிக்கப் போவதில்லை என்று தெரிகிற இடத்தில்தான் நீங்கள் மிகவும் பயப்பட வேண்டும். நான் பயந்தேன்.

கூண்டில் ஏறினேன். சத்தியம் செய்தேன். அரசு வக்கீல் மகஜரைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டார். ஆம் என்றேன். இதில் உள்ளபடி அன்று காலை பத்து மணிக்கு அந்த இடத்தில் இருந்தீர்களா என்றார்.

"இல்லை. நான் அன்று இதே ஊரில் தேர் பந்தோபஸ்தில் இருந்தேன். சாட்சி வேலாயுதமும் இங்கேதான் வடம் பிடித்தார். இந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்த வீட்டுக்குக் கொல்லை கிடையாது."

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். குற்றவாளிக் கூண்டில் செல்லையா தலையைக் குனிந்தபடியே நின்றான். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் வக்கீலுக்கும் விளங்கவில்லை. தாழ்வாரத்தில் நின்ற பேச்சியம்மாளுக்கு மட்டும் விளங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்லையா விடுதலையானான். தீர்ப்பு வந்த அன்று இருவரும் என்னைக் கடந்துதான் வெளியே போனார்கள். ஒரு பார்வைகூட இல்லை. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செய்திருக்கிறேனே என்று மனதுக்குள் பொருமினேன். எட்டு மாதம் ஒருவனை உள்ளே வைத்துவிட்டு நன்றி எதிர்பார்த்திருக்கிறேன் என்பது பஸ் ஏறி ராஜபாளையம் வருவதற்குள் உறைத்தது. எனக்கு சார்ஜ் மெமோ வந்தது, பதவி உயர்வு சில வருடங்கள் தள்ளிப் போனது. ரைட்டரையும் ஏட்டையாவையும் வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஏட்டையா கடைசிவரை என்னோடு பேசவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு ஸ்டேஷனில் என்னைத் தவிர எல்லோருக்கும் பத்திரிகை வைத்தார். அது எனக்கு மெமோவை விட அதிகமாக வலித்தது.

தொண்ணூறுகளின் பாதியில் நான் இன்ஸ்பெக்டராகி அந்தப் பக்கத்துக்கே திரும்பி வந்தேன். ஒரு நாள் கான்சாபுரத்தில் ஒரு தோப்பில் கிணற்று மோட்டாரைக் காணவில்லை என்று புகார். நான் போவதற்குள் என் சப்-இன்ஸ்பெக்டர் போய்விட்டார். உங்களைப் போலப் புதியவர், சுறுசுறுப்பானவர். ஆளைப் பிடித்துவிட்டேன், தோப்புக் காவல்காரன்தான், பழைய கேடி என்று உற்சாகமாகச் சொன்னார். மோட்டார் ரூம் சுவரோரம் துண்டை விரித்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. துண்டு விரித்திருந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் அவரிடம் என்ன கேட்டார் என்று விசாரித்தேன். மோட்டாரை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாராம். தெரியாது என்றாராம்.

நான் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"செல்லையா, மோட்டார நீங்க எடுத்தியளா?"

"இல்லைய்யா" என்றார்.

கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதிக்கொள்ளுமாறு சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவருக்கு என் மேல் சந்தேகம் வந்ததை அவர் கண்ணில் பார்த்தேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு தோப்புக்காரர் வீட்டில் ஒவ்வொருவராக விசாரிக்கச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் விஷயம் வெளியே வந்தது. தோப்புக்காரரின் தம்பி, அண்ணனிடம் சொல்லாமல், எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்றிக் கட்ட அதை வத்திராயிருப்பில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்திருக்கிறார். திருட்டே நடக்கவில்லை.

கிளம்பும்போது ஜீப் வரை செல்லையா வந்தார். பேச்சியம்மாள் நன்றாக இருக்கிறாள் என்றார். பல வருடமாக என் தொண்டையில் நின்ற கேள்வியை அப்போது கேட்டுவிட்டேன். அந்தத் தறிக்கூடத்து மோட்டாரை நீங்கள் எடுத்தீர்களா என்று.

"அன்னைக்கு எல்லாரும் எங்க வச்சிருக்கன்னுதான்யா கேட்டிய. எடுத்தியான்னு ஒருத்தரும் கேக்கல" என்றார். பிறகு, "இப்பச் சொன்னா அதையும் எழுதுவியளா?" என்று கேட்டார்.

எழுதுவதற்கு வழக்கும் இல்லை, கட்டும் இல்லை. சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டை எடுத்தேன். கேள்வியை எழுதினேன். "நான் எடுக்கல" என்று அவர் சொன்னதையும் எழுதினேன். நம்பினேனா என்று கேட்காதீர்கள், என் குணம் உங்களுக்குத் தெரியும். தேதி போட்டு, கையெழுத்துக்காக நோட்டையும் பேனாவையும் நீட்டினேன்.

இரண்டே வரிதான். அவர் அதை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கடைசிவரை படித்தார். படித்து முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.